எடைக் குறைப்பின்போது டெக்ஸா ஸ்கேன்: மார்த்தாண்டத்திலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

உடல் எடையைக் குறைக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளாக, உடலில் கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பரிசோதனைகளை மூன்று விதமான கருவிகளில் செய்து வந்திருக்கிறேன். வீட்டில் ஏறி நிற்கும் டிஜிட்டல் எடைக் கருவி ஒன்று. மார்த்தாண்டத்தில் நான் செல்லும் ஜிம்மில் உள்ள, கைப்பிடி வைத்த பெரிய கருவி மற்றொன்று. திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்கேன் மையத்தில் எடுத்த, எக்ஸ்-கதிர்களைக் கொண்டு எலும்பையும் கொழுப்பையும் பிரித்து அளக்கும் டெக்ஸா ஸ்கேன் மூன்றாவது. இவற்றுள் எதற்குப் பணம் செலவழிக்கலாம், எவ்வளவு இடைவெளியில் எடுக்கலாம், அறிக்கையில் எந்த எண்ணைப் பொருட்படுத்தலாம் என்பவற்றைப் பற்றி எனக்கு இப்போது ஓரளவு உறுதியான கருத்து இருக்கிறது. நான் மருத்துவர் அல்லள். ஐம்பதை நெருங்கும் பள்ளி ஆசிரியை. உயரம் 156 செ.மீ., தொடங்கும்போது எடை 78 கிலோ.

அந்த எடைக்கு உடல் நிறை குறியீட்டெண், அதாவது பி.எம்.ஐ., 32. இந்தியர்களுக்கென 2009இல் வகுக்கப்பட்ட அளவுகோலின்படி 23ஐத் தாண்டினாலே அதிக எடை, 25ஐத் தாண்டினால் உடல் பருமன். ஆகவே எனக்கு எடை கூடுதல் என்று அறிய எந்த ஸ்கேனும் தேவைப்படவில்லை. ஆனால் பி.எம்.ஐ. என்பது உயரத்தையும் எடையையும் மட்டுமே அறியும். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இங்கிலாந்தைச் சேர்ந்த மருத்துவர் யூட்கின் ஆகிய இருவரும் தங்களையே அளந்து, 2004இல் லான்செட் இதழில் தங்கள் படத்துடன் வெளியிட்ட ஒரு பக்கக் குறிப்பு இதற்கு நல்ல சான்று. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3தான்; ஆனால் டெக்ஸாவில் யூட்கினின் உடற்கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கின் உடற்கொழுப்பு 21.2 விழுக்காடு. பார்வைக்கு ஒல்லியாக இருந்து, நாற்பது வயதுக்குள் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடும் உறவினர்கள் நம்மில் பலர் வீட்டிலும் இருப்பதால், இந்தக் குறிப்பு எனக்கு வியப்பளிக்கவில்லை.

வீட்டுக் கருவியும் ஜிம் கருவியும் மின்தடை முறையில் இயங்குபவை. உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டத்தை உடலுக்குள் செலுத்தி, அது எவ்வளவு தடைபடுகிறது என்று அளக்கின்றன. நீர் நிறைந்த தசை மின்சாரத்தை எளிதாகக் கடத்தும், கொழுப்பு கடத்தாது. அந்தத் தடையிலிருந்து உடலில் உள்ள நீரின் அளவையும், அதிலிருந்து தசையையும், மிச்சத்தைக் கொழுப்பு என்றும் கணக்கிடுகின்றன. வயது, உயரம், பாலினம் ஆகியவற்றை நாம் தட்டச்சு செய்வது இந்தக் கணக்குக்காகத்தான். எனவே கொழுப்பை இக்கருவிகள் நேரடியாக அளப்பதில்லை. யாரோ சிலரை அளந்து உருவாக்கிய ஒரு சமன்பாட்டைக் கொண்டு ஊகிக்கின்றன. வீட்டுக் கருவியில் மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கிவிடுவதால், வயிற்றைப் பற்றி அது சொல்வதில் பெரும்பகுதி ஊகமே. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த இரண்டிலும் ஏறவே கூடாது.

நீரை நம்பி இயங்கும் கருவி என்பதால் நீர் மாறினால் எண்ணும் மாறுகிறது. ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு பாயசமும் கடைசியில் மோரும் குடித்துவிட்டு வந்த மாலையில், அன்று காலை காட்டியதைவிட ஏறத்தாழ இரண்டு விழுக்காடு கூடுதல் கொழுப்பை வீட்டுக் கருவி காட்டியது. வயிற்றில் இருப்பது எடையைக் கூட்டும், மின்தடையை மாற்றாது. ஆகவே அந்தக் கூடுதல் எடை கொழுப்பின் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. இதற்கு எதிராக, உடற்பயிற்சி முடிந்த சூட்டில் எடுத்தால் தோலில் இரத்த ஓட்டம் கூடியிருப்பதால் கொழுப்பு குறைவாகத் தெரியும். எங்கள் ஜிம்மில் பயிற்சி முடிந்த பிறகே அளவெடுக்கிறார்கள் என்பதையும், அளவு நன்றாக வந்தால் சந்தாவைப் புதுப்பிப்போர் கூடுவார்கள் என்பதையும் நான் தொடர்புபடுத்திப் பார்க்க விரும்பவில்லை. ஆனாலும் காலையில் வெறும் வயிற்றில் சென்று எடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

டெக்ஸா இதிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இரண்டு வெவ்வேறு ஆற்றல் கொண்ட எக்ஸ்-கதிர்களை உடலின் வழியே அனுப்பி, ஒவ்வொன்றும் எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று பார்க்கிறார்கள். எலும்பு, கொழுப்பு, மற்ற மென்திசு ஆகியவை இரண்டு கதிர்களையும் வெவ்வேறு விகிதத்தில் தடுப்பதால் மூன்றையும் பிரிக்க முடிகிறது. எலும்பு இருக்கும் இடங்களில் மட்டும், அதன்மேல் படர்ந்த திசுவில் கொழுப்பு எவ்வளவு என்பதை அக்கம்பக்கத்தை வைத்துக் கணக்கிடுகிறார்கள். ஆகவே இதிலும் ஊகம் அறவே இல்லை என்று சொல்ல முடியாது.

எங்கள் பகுதியிலிருந்து இதற்குச் செல்ல எளிதான ஊர் திருவனந்தபுரம்தான். குழித்துறையில் காலை ரயில் ஏறினால் பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி, பசி தாங்கும் நேரத்துக்குள் சேர்ந்துவிடலாம். செல்லும் முன் தொலைபேசியில் விசாரிப்பது மிக அவசியம். பெரும்பாலான மருத்துவமனைகளில் டெக்ஸா என்றால் இடுப்பிலும் முதுகெலும்பிலும் எலும்பு அடர்த்தி பார்ப்பது மட்டுமே. முழு உடலையும் அளந்து கொழுப்பைப் பிரித்துச் சொல்லும் மென்பொருள் எல்லா இடத்திலும் இருப்பதில்லை. "ஹோல் பாடி காம்போசிஷன் எடுப்பீர்களா?" என்று கேட்டால்தான் சரியான பதில் கிடைக்கும். ஸ்கேன் அறையில், "மாலையும் வளையும் ஊரணும் டீச்சரே" என்று டெக்னீஷியன் பெண் சொன்னாள். உலோகம் கதிரைத் தடுத்து எலும்புக் கணக்கில் ஏறிவிடும் என்பதால், கொக்கி வைத்த உள்ளாடை உட்பட எல்லாவற்றையும் களைந்து, அவர்கள் தரும் அங்கியை அணிந்து, பத்து நிமிடத்துக்கும் குறைவாக அசையாமல் படுத்திருக்க வேண்டும். சாப்பிட்ட உணவு இந்தக் கருவியில் தசையோடு சேர்ந்துவிடும் என்பதால் வெறும் வயிறே நல்லது.

கதிர்வீச்சைப் பற்றி வீட்டில் எல்லோரும் கவலைப்பட்டார்கள். முழு உடல் டெக்ஸாவின் கதிரளவு சில மைக்ரோசீவர்ட் மட்டுமே. உலக மனிதர் ஒருவர் மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் இயற்கையாகப் பெறுவது சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட், அதாவது நாளொன்றுக்கு ஆறேழு மைக்ரோசீவர்ட். தோரியம் கலந்த மோனசைட் மணல் கிடக்கும் மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் வாழ்பவர்கள் அதைவிடப் பல மடங்கு பெறுகிறார்கள். அந்தப் பக்கம் பெண் எடுத்த என் மைத்துனரே ஸ்கேனுக்குப் பயப்பட்டார் என்பதுதான் வேடிக்கை. கருவுற்றிருப்பவர்களும், கருவுற்றிருக்கலாம் என்று ஐயமுள்ளவர்களும் மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும்.

இனி அறிக்கைகள். முதல் ஸ்கேனில் 78 கிலோவில் கொழுப்பு 33.9 கிலோ, கொழுப்பும் எலும்பும் நீங்கலான மென்திசு 42 கிலோ, எலும்புத் தாது 2.1 கிலோ. கொழுப்பு 43.5 விழுக்காடு, அதே வாரத்தில் ஜிம் கருவி காட்டியது 38.9. ஏறத்தாழ நான்கு மாதம் கழித்து, சோற்றையும் மரச்சீனிக் கிழங்கையும் பாதிக்கும் கீழே குறைத்து, மாலையில் நடந்து, 71.5 கிலோவுக்கு வந்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டிய காலம் அது. இரண்டாவது ஸ்கேனில் கொழுப்பு 29.6, மென்திசு 39.8. குறைந்த 6.5 கிலோவில் 4.3 கிலோதான் கொழுப்பு, மீதி 2.2 கிலோ, அதாவது மூன்றில் ஒரு பங்கு, கொழுப்பு அல்லாதது. எடை குறையும்போது நான்கில் ஒரு பங்கு அவ்வாறு போவது வழக்கம் என்பது பொதுவான கணக்கு. என்னுடையது அதற்கும் மேல்.

ஆனால் அந்த 2.2 கிலோவும் தசை என்று எடுத்துக்கொள்வது தவறு. மென்திசு என்று அறிக்கை சொல்வதில் தசை, உள்ளுறுப்புகள், நீர் எல்லாம் அடங்கும். மாவுச்சத்தை உடல் கிளைக்கோஜனாகச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரையும் சேர்த்து வைக்கிறது. சோற்றைக் குறைத்தால் இந்தச் சேமிப்பு கரைந்து நீரும் வெளியேறிவிடும். உணவுக் கட்டுப்பாட்டின் முதல் வாரத்தில் எல்லோருக்கும் எடை மளமளவென்று குறைவதும், ஒரு விருந்துக்குப் பின் திரும்ப ஏறுவதும் பெரிதும் இதனால்தான். ஆகவே என் இழப்பில் கணிசமான பகுதி நீராக இருந்திருக்கும். ஆயினும் கால்களின் மென்திசு தனியாகக் குறைந்திருந்ததாலும், பள்ளியில் மாடிப்படி ஏறும்போது தொடை சோர்ந்ததாலும், மிச்சம் தசைதான் என்று முடிவு செய்தேன். எடைக் கருவி மட்டும் இருந்திருந்தால் அதே வழியில் இன்னும் வேகமாகச் சென்றிருப்பேன். நான் செலவழித்த பணத்துக்கு முழு மதிப்பும் கிடைத்தது இந்த ஒரு அறிக்கையில்தான்.

இதன்பின் உணவைக் குறைப்பதை நிறுத்தி, மாற்றத் தொடங்கினேன். இந்தியாவின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் சாதாரண மனிதருக்குப் பரிந்துரைத்த புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், எடை குறைப்பவர்களுக்கு 1.2 கிராமுக்குக் குறையாமல் தேவை என்று என் உணவு ஆலோசகர் கூறினார். எனக்கு அது நாளுக்கு ஏறக்குறைய 85 கிராம். நம் ஊரில் மரச்சீனியும் சாளைக்கறியும் ஒன்றாகவே தட்டில் வரும். நூறு கிராம் கிழங்கில் புரதம் ஒரு கிராம் அளவுதான், அதே நூறு கிராம் சாளையில் இருபதுக்குக் குறையாது. எனவே கிழங்கும் மீனும் இருந்த விகிதத்தைத் தலைகீழாக்கியதே பெரிய மாற்றம். காலைப் புட்டுக்குப் பழத்துக்குப் பதில் கடலைக்கறி, மதியம் மீன், மாலையில் வேகவைத்த சிறுபயறு, இரவில் இரண்டு முட்டை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இப்படிச் செய்யக் கூடாது. நடையோடு, வாரத்தில் சில நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்தது. ஜிம் பயிற்சியாளர் முதலில் என்னை டிரெட்மில்லை விட்டு நகரவே விடவில்லை. அறிக்கையைக் காட்டிய பிறகே, "அப்போ டீச்சர், நாம கால்ல இருந்து தொடங்குவோம்" என்று ஸ்குவாட் கற்றுத் தந்தார்.

அடுத்த அரையாண்டில் எடை 2.5 கிலோ மட்டுமே குறைந்தது. உறவினர்கள் "நின்னுபோச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மூன்றாவது ஸ்கேன் 69 கிலோவில் கொழுப்பு 26.6, மென்திசு 40.3 என்று காட்டியது. கொழுப்பில் மூன்று கிலோ இறங்கியிருக்க, மென்திசு அரை கிலோ ஏறியிருந்தது. அந்த அரை கிலோவை நான் கொண்டாடவில்லை. அதே மனிதரை எழுப்பி மீண்டும் படுக்க வைத்து அளந்தாலே அந்த அளவு வேறுபாடு வரக்கூடும். தசை மேலும் இழக்கப்படவில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்லலாம்; அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு ஓராண்டுக்கு நெருங்கிய இடைவெளி விட்டு எடுத்த கடைசி ஸ்கேனில் எடை 66.2, கொழுப்பு 23.9, மென்திசு 40.2.

மாதந்தோறும் டெக்ஸா எடுப்பது வீண் செலவு என்று நான் சொல்வதும் இதனால்தான். ஒரு மாதத்தில் குறையும் ஒன்றரை கிலோவில் எது தசை, எது கொழுப்பு என்று பிரிக்க இக்கருவிக்கே நுட்பம் போதாது. தொடங்கும் முன் ஒன்று, மூன்று நான்கு மாதம் கழித்து ஒன்று, பின்னர் அரையாண்டுக்கோ ஆண்டுக்கோ ஒன்று போதும். எப்போதும் ஒரே கருவியில், ஒரே வேளையில், வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். ஹோலாஜிக், ஜி.இ. லூனார் ஆகிய இரு நிறுவனங்களின் கருவிகளே ஒரே உடலுக்கு வெவ்வேறு எண்களைத் தரும். நான் சென்ற மையம் இடையில் கருவியை மாற்றப்போவதாகச் சொல்லிப் பின்னர் மாற்றவில்லை. மாற்றியிருந்தால் பழைய அறிக்கைகளோடு ஒப்பிட வழியே இருந்திருக்காது. முன்பதிவின்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

அறிக்கையில் பயனற்றவையும் உண்டு. இடது கை வலது கையைவிடச் சில கிராம் குறைவு என்பதை வைத்து எதுவும் செய்வதற்கில்லை. வீட்டுக் கருவி காட்டும் 'உடல் வயது' வெறும் விளையாட்டு. குடலைச் சுற்றிய உட்கொழுப்பின் மதிப்பீடு மட்டும் பயனுள்ளது. எனக்கு அது 1,150 கிராமிலிருந்து 690 ஆனது. ஆனால் அதே காலத்தில் தையல் டேப்பில் இடுப்புச் சுற்றளவும் 98 செ.மீ.யிலிருந்து 86 ஆகியிருந்தது. இந்தியப் பெண்களுக்கான எல்லை 80, ஆண்களுக்கு 90. ஒரு ஸ்கேனுக்குச் சில ஆயிரம் ரூபாய் செலவழிக்க இயலாதவர்கள் டேப், எடைக் கருவி, தூக்க முடிகிற எடையின் பதிவு ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டே நான் அறிந்ததில் பெரும்பகுதியை அறிந்துகொள்ளலாம். வேகமாக எடை குறைப்பவர்கள், பசியைக் குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்கள், என் வயதைத் தாண்டியவர்கள் ஆகியோருக்கு மட்டும் முதல் இரண்டு ஸ்கேன்களை வலியுறுத்துவேன்.

கடைசி ஸ்கேனின்போது, மாதவிடாய் நிற்கும் வயது என்பதால், இடுப்பும் முதுகெலும்பும் தனியாக எடுக்கச் சொன்னார் மருத்துவர். முழு உடல் அறிக்கையில் வரும் எலும்புத் தாதுவின் எடை இரண்டாண்டாக 2.1 கிலோவிலேயே நின்றிருந்தது. ஆனால் அதை வைத்து எலும்புத் தேய்மானத்தைத் தீர்மானிக்க முடியாதாம். முதுகெலும்பின் டி-ஸ்கோர், அதாவது இளம் வயதினரின் எலும்பு அடர்த்தியோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண், -1.4 என்று வந்தது; -1க்கும் -2.5க்கும் இடைப்பட்டால் அடர்த்தி குறைவு, -2.5ஐத் தொட்டால் எலும்புத் தேய்மானம். வைட்டமின் டி குறைபாடும் இருந்ததால் மருந்து எழுதிக் கொடுத்தார்; எடை தூக்குவதை விடக் கூடாது என்றார். அடுத்த முறை குழித்துறையில் ரயில் ஏறுவது இந்த எலும்பு ஸ்கேனுக்காகத்தான். கொழுப்புக் கணக்கை இம்முறை எடுக்கச் சொல்லப்போவதில்லை.