ஒடியல் கூழுக்கு ஒரு முகப்புப் படம்

கிணற்று மோட்டார் ஒரு நாள் உறுமியது, சுற்றவில்லை. யூரியூப்பில் தேடினால் வரிசையாகக் காணொளிகள். வாயைப் பிளந்த முகங்களையும் சிவப்பு அம்புக்குறிகளையும் தாண்டி, எண்ணெய்க் கறை படிந்த விரல்கள் கண்டென்சரைக் கழற்றும் படத்தைத்தான் அழுத்தினேன். தேடியது அதற்குள் இருந்தது. அன்று என் சொந்தக் காணொளிகளின் தம்நெயில்களை, அதாவது முகப்புப் படங்களை, எடுத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் வீட்டுக் குசினியில் அம்மா சமைப்பதை மூன்று ஆண்டுகளாகப் பதிவேற்றுகிறேன். பார்ப்பவர்களில் பலர் கனடா, லண்டன், பாரிஸ் என்று சிதறிய நம்மவர்கள். தொடக்கத்தில், யூரியூப் தானாக வெட்டித் தரும் மூன்று படங்களில் ஒன்றைப் போட்டுவிடுவேன். பிறகு தொலைபேசி எண்ணை உறுதிப்படுத்தி, சொந்தப் படம் ஏற்றப் பழகினேன். கணினியில் 1280க்கு 720 பிக்சலில் அழகாகத் தெரிவது, பார்ப்பவர் கைபேசியில் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எழுத்துகள் எறும்பாகின்றன. வலது கீழ் மூலையில் நான் எழுதிய 'நண்டு' என்ற சொல்லின் மேலேயே காணொளியின் நேரம் வந்து உட்கார்ந்தது. இப்போது கைபேசியில் போட்டு, கையை நீட்டிப் பிடித்துப் பார்க்காமல் எதையும் ஏற்றுவதில்லை.

பெரிய பிழை, காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழில் நடந்தது. அம்மா வைத்தது மீன் தலை, சிறு நண்டு, இறால், பயிற்றங்காய், பலாக்கொட்டை போட்ட வீட்டுக் கூழ். நான் படத்தில் பெரிய சிங்க இறால் ஒன்றை வெட்டி ஒட்டினேன். கிளிக் வீதம், அதாவது படம் கண்ணில் பட்டதில் எத்தனை முறை அழுத்தினார்கள் என்ற கணக்கு, 4 சதவீதத்திலிருந்து 9க்கு ஏறியது. ஆனால் பார்வை நேர வரைபடத்தில் முதல் அரை நிமிடத்திலேயே கோடு சரிந்து விழுந்தது. ரொறன்ரோவிலிருந்து பெரியம்மா அழைத்தார். "சிங்க இறால் எப்போது போடுவீர்கள் என்று கடைசி வரை பார்த்தேன், தம்பி." குரலில் கோபமில்லை. அதுதான் சுட்டது.

அன்றிரவே மாற்றினேன். ஈர்க்குக் குத்தி மடித்த பிலா இலை, அதில் கூழ், விளிம்பில் ஒரு நண்டுக் கால், ஏந்திய அம்மாவின் கை. ஓர் எழுத்தும் இல்லை. கிளிக் குறைந்தது, கடைசி வரை இருந்தவர்கள் கூடினார்கள். பாதிக் காணொளிகளுக்குக் கிளிக் வீதம் 2 முதல் 10 சதவீதத்துக்குள்தான் இருக்கும் என்று யூரியூப்பே சொல்கிறது. அந்த எண்ணைத் துரத்தி நான் இழந்த இரவுகள் வீண்.

ஒரே காணொளிக்கு மூன்று படங்கள் வரை வைத்துச் சோதிக்கும் வசதியும் இப்போது இருக்கிறது. எந்தப் படத்தைப் பார்த்து வந்தவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள் என்பதை வைத்தே அது முடிவு சொல்கிறது, கிளிக்கை எண்ணுவதில்லை. அதனாலேயே அதை நம்புகிறேன். பிலா இலையும் கையும் உள்ள படங்களே எங்களுக்குத் திரும்பத் திரும்ப வெல்கின்றன.

இப்போதெல்லாம் சட்டியை இறக்கியதும் அம்மா பரிமாறுவதில்லை. யன்னல் வெளிச்சத்தில் இலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "எடுத்துவிட்டாயா, தம்பி? ஆறுகிறது."