ரெண்டு டயரா, நாலு டயரா?

டயர் மாற்றப் போனால் கடையில் முதலில் கேட்பது "ரெண்டு போடவா, நாலும் போடவா?" என்றுதான். சமீபத்தில் நான் நாலையும் சேர்த்தே மாற்றினேன். உண்மையில் அந்தக் கேள்விக்கு விடை, முந்தைய வருடங்களில் டயர்களை இடம் மாற்றிப் போட்டு வந்தோமா என்பதிலேயே இருக்கிறது. அப்படி இடம் மாற்றுவதுதான் ரொட்டேஷன். அதைச் செய்து நாலையும் சமமாகத் தேயவிட்டு ஒன்றாக மாற்றுவது ஒரு வழக்கம். ரொட்டேஷன் பக்கமே போகாமல், தேய்ந்த ஜோடியை மட்டும் மாற்றிக்கொண்டே வருவது இன்னொன்று. நான் முதல் கட்சி.

செலவில் பெரிய வித்தியாசமில்லை. இரண்டிலும் தேயும் ரப்பர் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஜோடி ஜோடியாக மாற்றினால் கையிலிருந்து ஒரே மூச்சில் பணம் போகாது. நிறைய பேருக்கு அது பெரிய நிம்மதி, மறுக்க மாட்டேன்.

என்னை முடிவெடுக்க வைத்தது முன் டயருக்கும் பின் டயருக்கும் இடையே விழும் பட்டன் வித்தியாசம். பட்டன் என்றால் சாலையைத் தொடும், பள்ளம் வெட்டிய ரப்பர். முன்சக்கர இழுவை காரில் எஞ்சின் எடை முன்னால். இழுப்பதும் திரும்புவதும் முன் சக்கரம். பிரேக்கின் பெரும்பங்கும் அங்கேதான் விழுகிறது. இடம் மாற்றாமல் விட்டால் முன் ஜோடி பின் ஜோடியைப் போல இரண்டு மடங்கு வேகத்தில்கூடத் தேயும். புது டயரில் பட்டன் ஆழம் சுமார் 8 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சின்ன மேடு 1.6 மி.மீ. உயரம், பட்டன் தேய்ந்து அதன் மட்டத்துக்கு வந்தால் டயர் முடிந்தது. முன்னால் அந்த நிலை வரும்போது, அந்தக் கணக்குப்படி பின்னால் இன்னும் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக மீதி இருக்கும்.

இப்போது புது ஜோடியை எங்கே போடுவது? தேய்ந்தது முன்னால்தானே என்று முன்னாலேயே போடுவார்கள். காய்ந்த சாலையில் எதுவும் தெரியாது. மழையில் தெரியும். பள்ளம் ஆழம் குறைந்த டயரால் தண்ணீரை வேகமாக வெளியேற்ற முடியாது. அதுதான் முதலில் தண்ணீர்மேல் மிதக்கும். முன் டயர் நன்றாகப் பிடித்திருக்க, பின் டயர் மிதந்தால் வளைவில் வண்டியின் வால் வீசும். முன் டயர் வழுக்கினால் வண்டி வளையாமல் நேரே போகப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டால் பெரும்பாலும் பிடி திரும்பிவிடும். வால் வீசினால் சாதாரணமாக ஓட்டுகிறவர்கள் சுதாரிப்பதற்குள் வண்டி சுழன்றுவிடும். அதனால்தான் முன்சக்கர இழுவை காராக இருந்தாலும் புது ஜோடியைப் பின்னால் போடச் சொல்கிறார்கள் டயர் தயாரிப்பாளர்கள்.

சரி, பின்னாலேயே போட்டாயிற்று. முன்னால் வந்த பழைய ஜோடி மறுபடி வேகமாகத் தேய்கிறது. அது 3 மி.மீ.க்கு இறங்கும்போது பின்னால் 7 மி.மீ.க்கு மேல் இருக்கும். வால் வீசும் ஆபத்து குறைவு, ஆனால் மழையில் ஸ்டீயரிங்கும் பிரேக்கும் நம்பியிருப்பது அந்த 3 மி.மீ.யைத்தான். ஜோடி முறையில் ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் பின்தங்கியே இருக்கும். ரொட்டேஷன் செய்து வந்தால் நாலுக்கும் நடுவே வித்தியாசம் சொற்பம். மழையில் வண்டி ஒரே சீராக நடந்துகொள்ளும்.

இதற்கும் ஒரு விலை உண்டு. நாலும் ஒன்றாகவே மெலியும். அதனால் 1.6 வரை காத்திருப்பது எனக்கு ஒப்பவில்லை. 3 மி.மீ.யைத் தொட்டதும் மாற்றிவிட்டேன். கொஞ்சம் ரப்பர் வீண்தான், இருக்கட்டும்.

ரொட்டேஷன் 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒருமுறை போதும். முன்சக்கர இழுவைக்கு முன் ஜோடி நேரே பின்னால் போகும், பின் ஜோடி இடம் வலம் மாறி முன்னால் வரும். பின்சக்கர இழுவைக்கு இதற்கு நேர்மாறு. பக்கச் சுவரில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரை அதே பக்கத்தில் முன் பின்னாக மட்டுமே மாற்றலாம். முன்னும் பின்னும் வேறு வேறு அளவு டயர் உள்ள காருக்கு ஜோடி முறைதான் வழி.

சக்கரத்தைக் கழற்றுவதில் இன்னொரு லாபம், உள்பக்கம் கண்ணில் படும். உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணம், சரியா என்று பாருங்கள். நடுவில் தேய்ந்தால் காற்று அதிகம், இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. பட்டன்மேல் உள்ளங்கையை முன்னும் பின்னும் தடவினால் ரம்பப் பல் போல உறுத்துகிறதா? அப்படியானால் ரொட்டேஷன் தாமதமாகிவிட்டது. அந்த டயர் முன்னால் வந்ததும் இரைச்சலும் கூடவே வரும்.

நாலு சக்கர இழுவை வண்டியை நான் வைத்திருந்ததில்லை, அதனால் அனுபவமாகச் சொல்ல முடியாது. ஆனால் அதில் சுற்றளவு வேறுபட்ட டயர்கள் ஓடினால் முன் பின் அச்சுகளை இணைக்கும் பாகங்கள் ஓயாமல் உரசிச் சூடாகும். அங்கே இரண்டா நாலா என்பதை வண்டியின் கையேட்டைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

எந்த முறையானாலும் பக்கச் சுவரில் உள்ள நாலு இலக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு. இடம் மாற்றி முடித்ததும் டயர் ஆறியிருக்கும்போது கதவு ஓர ஸ்டிக்கரில் உள்ளபடி முன்னுக்கும் பின்னுக்கும் காற்றைச் சரிசெய்து, காற்றழுத்த எச்சரிக்கை இருந்தால் ரீசெட் செய்யுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டியபின் நட்டுகளின் இறுக்கத்தை, அதை அளந்து இறுக்கும் டார்க் ஸ்பானரால் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.