மானிட்டர் கேலிப்ரேஷன் செய்ய வீட்டுக்கு ஆள் கூப்பிடுகிறீர்களா? இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

அக்கா மகள் நிச்சயதார்த்தத்தில் எடுத்த படங்களில் 20ஐ 12×18 அளவில் பிரிண்ட் போட்டு வாங்கிவந்தேன். கவரைப் பிரித்ததும் மனசே விட்டுப்போச்சு. மாம்பழ மஞ்சள் பட்டு ஆரஞ்சாக இருக்கிறது. எல்லார் முகமும் சிவந்து, இருண்டு கிடக்கிறது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. பீரோவிலிருந்து அந்தப் புடவையை எடுத்துவந்து படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

லேப்காரர்கள் மேல் தப்பில்லை. அதே ஃபைலை வேறொரு நல்ல திரையில் திறந்தால் அங்கேயும் ஆரஞ்சுதான். கோளாறு என் மானிட்டரில். அதுவும் ஒரு மாதத்துக்கு முன்னால்தான் 2,000 ரூபாய் கொடுத்து, திரையின் நிறங்களை அளந்து சரிசெய்யும் கேலிப்ரேஷன் செய்த மானிட்டர்!

வந்தவர் ஒரு கருவியைத் திரையில் தொங்கவிட்டார். சிவப்பு, பச்சை, நீலம் என்று கட்டங்கள் ஓடின. ஆறே நிமிடம். பிறகு பென்டிரைவைச் செருகி ஏதோ செய்தார். திரை நீலம் பாரித்துத் தெரிந்தது. கேட்டேன். "கண்ணு பழகிடும் சார்" என்றார். அளவு ரிப்போர்ட் கேட்டதற்கு, "அதெல்லாம் கம்பெனிக்குத்தான் சார்." நானும் நம்பிவிட்டேன். நீலமாகத் தெரிந்த திரையைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு படத்திலும் மஞ்சளையும் சிவப்பையும் ஏற்றியிருக்கிறேன்.

பிரிண்ட் வந்த அன்று ராத்திரி விண்டோஸில் கலர் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தேன். அவர் போட்டுவிட்டுப் போன ஐசிசி ப்ரொஃபைலின் (ஒரு திரை நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்று பதிந்துவைக்கும் ஃபைல்) பெயரில் இருந்தது வேறொரு கம்பெனி மானிட்டரின் மாடல் நம்பர். கூடவே 2016 என்று தேதி. நான் மானிட்டர் வாங்கியதே 2021இல். யாருடைய திரைக்கோ எடுத்த ப்ரொஃபைலை என் தலையில் கட்டிவிட்டார். ஒரே மாடலில் இரண்டு மானிட்டர் வாங்கினாலே நிறம் கொஞ்சம் வேறுபடும்; ஒன்றின் ப்ரொஃபைல் இன்னொன்றுக்குச் சரிவராது. இது மாடலே வேறு.

இன்னொன்று, பிரைட்னஸை அவர் தொடவே இல்லை. 100இலேயே இருந்தது. கண்ணைக் கூசும் திரையில் எடிட் செய்தால் நம்மை அறியாமல் படத்தை இருட்டாக்குவோம். முகங்கள் இருண்டது அதனால்தான்.

நண்பர் ஒருவரிடம் திரையின் நிறத்தை அளக்கும் கலரிமீட்டரை இரவல் வாங்கி, டிஸ்ப்ளேகால் என்ற இலவச மென்பொருளில் நானே செய்தேன். மானிட்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெள்ளை நிறம் 6500 கெல்வின், இடைப்பட்ட நிறங்களின் வெளிச்சத்தைத் தீர்மானிக்கும் காமா 2.2, திரையின் வெளிச்சம் சதுர மீட்டருக்கு 120 கேண்டெலா என்று வைத்தேன். அந்த 120க்கு வர பிரைட்னஸை 100இலிருந்து 28க்கு இறக்க வேண்டியிருந்தது. அளந்து முடிக்கவே அரை மணிக்கு மேல் ஆனது.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். இரண்டு முறை "வரேன் சார்" என்றார், இப்போது போனையே எடுப்பதில்லை. நீங்கள் யாரையாவது கூப்பிட்டால், அவர் கிளம்புவதற்கு முன்னால் ப்ரொஃபைலைத் திறக்கச் சொல்லுங்கள். உங்கள் மானிட்டர் பெயரும் அன்றைய தேதியும் இருந்தால் மட்டும் பணத்தை எடுங்கள். 20 படங்களையும் மறுபடி எடிட் செய்துகொண்டிருக்கிறேன். அந்தப் புடவை இப்போது என் மேசைமேல்தான் இருக்கிறது.