டிரெய்லர் நடுவழியில் படுத்துவிட்டால்: அங்கேயே சரிசெய்வதா, இழுத்துப்போவதா, லோரி பிடிப்பதா?

கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். வீட்டுச் சாமான்களை டிரெய்லரில் ஏற்றி, ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்னால் மாட்டிக்கொண்டு கிளம்பினால் லோரி வாடகை மிச்சம்தான். ஆனால் பீடோர் தாண்டியதும் டிரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுவிட்டால் என்ன செய்வது? கேட்கிற எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: சாமான் வேறு, டிரெய்லர் வேறு, இரண்டையும் ஒரே பிரச்சினையாகப் பார்க்காதீர்கள்.

முதலில் எந்தப் பக்கச் சக்கரம் என்று பாருங்கள். நம் நாட்டில் அவசரத் தடம் இடப்பக்கம் இருப்பதால், இடது சக்கரம் போனால் வேலை செய்பவர் தடுப்புக் கம்பியின் பக்கம் உட்காரலாம். வலது சக்கரம் என்றால் அவர் முதுகுக்குப் பின்னால் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார்கள் பறக்கும். வலப்பக்கம் போனால் ஸ்பேர் டயர் கையில் இருந்தாலும் நீங்களே இறங்கி மாற்ற வேண்டாம். பிள்ளைகளைக் கம்பிக்கு அந்தப் பக்கம் கூட்டிப்போய் நிறுத்திவிட்டு, பிளஸ் நெடுஞ்சாலையின் 1800-88-0000 எண்ணுக்கு அழையுங்கள்.

அங்கேயே சரிசெய்வது டயருக்குத்தான் பொருந்தும். டயர் வெடித்தது, ஸ்பேர் இருக்கிறது, சக்கரம் இடப்பக்கம் என்றால் அரை மணி நேர வேலை. டிரெய்லரைக் காரிலிருந்து கழற்றாமலே ஜாக் போடுங்கள், அப்போதுதான் நகராது. சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் போயிருந்தால் கதை வேறு. கருகிய கிரீஸ் வாடை வரும், சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பக்கம் கை கொண்டுபோக முடியாத அளவுக்குச் சூடாக இருக்கும். ஹப்பைக் கழற்றும்போது உள்ளே அச்சு முனை நீலம் பாரித்திருந்தாலோ, விரல் நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலோ, புது பேரிங் போட்டாலும் தாங்காது. ஈப்போ வருவதற்குள் மறுபடியும் படுத்துவிடும். போதாததற்கு, உள்ளூர்ப் பட்டறையில் அடித்த டிரெய்லர்களில் எந்தப் பழைய வண்டியின் அச்சைப் போட்டிருக்கிறார்கள் என்று வாங்கியவருக்கே தெரியாது, அப்படி இருக்கும்போது நெடுஞ்சாலை ஓரத்தில் நின்றுகொண்டு எந்த அளவு பேரிங் என்று கடைக்காரரிடம் சொல்வீர்கள்?

டோ டிரக்கை அழைத்து டிரெய்லரை அப்படியே ஏற்றிப்போகச் சொல்வது அடுத்த வழி. கேட்க எளிதாக இருக்கும், ஆனால் சாமானோடு ஏற்றுவதுதான் சிக்கல். டோ டிரக்கின் தட்டைச் சாய்க்கும்போது உள்ளே இருப்பதெல்லாம் பின்பக்கம் சரியும், பீரோக் கண்ணாடிக்கு உத்தரவாதம் கிடையாது. பல காப்புறுதித் திட்டங்களில் இழுவை உதவி காருக்கு மட்டும்தான், டிரெய்லர் அதில் சேராது, கிளம்பும் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். அழைக்காமலே வந்து நிற்கும் டோ டிரக்குகளும் உண்டு. கொக்கி மாட்டுவதற்கு முன் எங்கே கொண்டுபோவது, மொத்தம் எத்தனை வெள்ளி என்று பேசி, முடிந்தால் வாட்சப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

டயர் தவிர வேறு எது உடைந்தாலும் என் வாக்கு லோரிக்குத்தான். பக்கத்து ஊரில் வாடகைக்கு ஓடும் லோரியை வரவழைத்துச் சாமானை மாற்றி அனுப்பிவிடுங்கள். "அண்ணே, கூட ரெண்டு ஆள் வேணும், கேன்வாஸும் கொண்டு வாங்க" என்று அழைக்கும்போதே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் மதியத்துக்கு மேல் பேராக்கில் எப்போது மழை கொட்டும் என்று சொல்ல முடியாது, தைப்பிங் பக்கம் கேட்கவே வேண்டாம். சாமான் மாற்றுவதை ரோட்டோரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். ரோந்து வண்டிக்காரர்களிடம் கேட்டு, தாப்பா ஓய்வுத்தளம் மாதிரி ஓர் இடத்துக்கு மெல்ல நகர்த்த முடியுமா என்று பாருங்கள். இறக்கும்போது பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். காரிலிருந்து கழற்றிய டிரெய்லரில் முன்பாரத்தை முதலில் எடுத்தால், பின்பாரம் இழுத்து மொத்தமும் மல்லாந்துவிடும். செந்தூலிலிருந்து குடிபெயர்ந்த என் மச்சான் வீட்டில் மாவு கிரைண்டரை அச்சுக்குச் சற்று முன்னால் வைத்திருந்தார்கள், பயணத்துக்கு அது சரியான இடம்தான், ஆனால் இறக்கும்போது அதைத்தான் கடைசியில் தொட வேண்டும். இந்த வழியில் செலவு கூடுதல், வேலையும் இரட்டிப்பு, இருந்தாலும் அன்றிரவே பாயும் அடுப்பும் சாமி படமும் பட்டர்வொர்த் வீட்டுக்குள் போய்விடும்.

சாமானோடு டிரெய்லரை ஓய்வுத்தளத்தில் விட்டுவிட்டு நாளைக்கு வந்து எடுத்துக்கொள்வது என்பதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. பூட்டு ஒரு நிமிடத்தில் போய்விடும்.

காலி டிரெய்லர் என்றால் டோ டிரக்காரருக்கும் சுலபம், விலையும் இறங்கும். அதை ஈப்போவுக்கு இந்தப் பக்கமே ஒரு பட்டறையில் விட்டுவிடுங்கள், அரைகுறையாகச் சரிசெய்த அச்சோடு ஈப்போ தாண்டி வரும் மெனோரா சுரங்கத்தை ஒட்டிய மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டாம். போர்மேனிடம் உடைந்த சக்கரத்தை மட்டும் காட்டாமல் மறுபக்க ஹப்பையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள், இரண்டும் ஒரே நாளில் கிரீஸ் வைத்தவையாகத்தான் இருக்கும்.