கார் பேட்டரி சோதனைக்குச் சாதாரண மல்டிமீட்டர்: நாள்பட்ட பயன்பாட்டில் தெரிந்தவை

செல்ஃப் எடுக்கவில்லை என்றதும் பேட்டரியை மாற்றுவார்கள். சில மாதத்தில் புதியதும் படுத்துவிடும். கோளாறு பேட்டரியிலா, கேபிளிலா, ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரிலா என்று பிரித்தறிய விலை குறைந்த டிஜிட்டல் மல்டிமீட்டரே போதும். அதன் குணம் மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.

ஓட்டி நிறுத்தியதும் அளந்தால் 13 வோல்ட் வரைகூடக் காட்டும். அதை நம்பக்கூடாது. ஹெட்லைட்டை 2 நிமிடம் எரியவிட்டு அணைத்து, சற்றுப் பொறுத்து அளக்கவும். இரவு முழுக்க நின்ற வண்டி என்றால் இன்னும் நல்லது. 12.6 முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி. 12-க்கும் கீழே இருந்தால் முதலில் சார்ஜ் ஏற்றுங்கள், மற்ற சோதனையெல்லாம் பிறகு.

மீட்டர் காசுக்கு வேலை செய்வது செல்ஃப் அடிக்கும்போதுதான். ஃப்யூயல் பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டால் எஞ்சின் பிடிக்காது. மீட்டரின் ப்ரோப் முனைகளைக் கேபிள் கிளாம்ப்பில் வைக்காமல், பேட்டரியின் ஈயக் குமிழின் நடுவிலேயே ஊன்றி, இன்னொருவரை 4 நொடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 9.6-க்குக் கீழே இறங்கினால் பேட்டரி தளர்ந்துவிட்டது. அடுத்து, செல்ஃப் அடிக்கும்போதே ஒரு முனை குமிழில், மறுமுனை அதன் கிளாம்ப்பில். ஏறக்குறைய பூஜ்யம்தான் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினால், வெளியே பளபளப்பாக இருந்தாலும் கிளாம்ப்பின் உள்பக்கம் பூத்துப்போயிருக்கும். கழற்றி உப்புத்தாளால் தேய்த்தாலே சரியாகிவிடும். நெகட்டிவ் குமிழுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவே 0.3-க்கு மேல் வந்தால் எர்த் கேபிளைப் பாருங்கள். மீட்டர் நொடிக்கு இரண்டு மூன்று முறைதான் எண்ணை மாற்றும் என்பதால், கண நேரச் சரிவு அதில் சிக்காது. குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைக்கும் MIN/MAX பொத்தான் உள்ள மீட்டருக்குக் கூடுதலாகச் செலவழிப்பது வீணில்லை.

எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.7 வரை சரி. ஹெட்லைட், ப்ளோயர் எல்லாம் போட்டு 2000 ஆர்பிஎம்மில் 13.5-க்குக் கீழே போனால் பெல்ட், ஆல்டர்னேட்டர், அதன் கேபிள் மூன்றையும் சந்தேகிக்கலாம். 15-ஐத் தாண்டினால், வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு. கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் சார்ஜ் ஆகும் புதிய வண்டிகளில் சில நேரம் 12.5-தான் இருக்கும், அதைப் பார்த்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடாதீர்கள்.

ஆல்டர்னேட்டரில் ஏசியை (மாறுமின்னோட்டத்தை) டிசியாக (நேர்மின்னோட்டமாக) மாற்றும் டயோடு போயிருக்கிறதா என்று மீட்டரின் ஏசி ரேஞ்சில் பார்ப்பார்கள். அரை வோல்ட்டுக்கு மேல் ஏசி வந்தால் சந்தேகம்தான். மலிவு மீட்டர் இங்கே காலை வாரிவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போதே ஏசி ரேஞ்சில் 25-க்கு மேல் காட்டினால், அந்த மீட்டர் டிசியையும் சேர்த்து அளக்கிறது. இந்தச் சோதனைக்கு உதவாது.

நிறுத்திய வண்டியில் மின்கசிவு 50 மில்லிஆம்பியருக்குள் அடங்க வேண்டும். வண்டியின் கம்ப்யூட்டர் மாட்யூல்கள் உறங்க அரை மணி நேரமாவது விடுங்கள். நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் துளையில் வைத்து, கேபிளுக்கும் குமிழுக்கும் நடுவே இணைத்து அளக்கும்போது செல்ஃப் அடித்துவிடாதீர்கள். அளந்தபின் சிவப்பு வயரை மறக்காமல் வோல்ட் துளைக்கு மாற்றுங்கள். பல மலிவு மீட்டர்களில் அந்த 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸே கிடையாது. அப்படியே பேட்டரியில் வைத்தால் ஷார்ட்டாகி வயர் உருகும்.

மீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரி தேய்ந்தால் எண்கள் கூடுதலாகக் காட்டும். இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் 13.2 காட்டினால், முதலில் மீட்டரின் பேட்டரியை மாற்றுங்கள்.