ஸ்கேன் படத்தைக் காட்டிப் பயமுறுத்தினால் பணம் கட்டாதீர்கள்

நாலு வருஷமாக எனக்கு இடுப்பு வலி. காலையில் செருப்பு மாட்டக் குனிவதே பெரிய வேலை. இத்தனை நாள் வலித்தவர்களுக்குத் தெரியும், யாராவது "சரியாயிடும்" என்று உறுதியாகச் சொன்னால் மனசு அங்கேயே சாய்ந்துவிடும். அப்படித்தான் ஒரு முதுகுத்தண்டு சிகிச்சை மையத்தில் மாட்டினேன்.

உள்ளே போனதும் அங்கே இருந்தவர் என் எம்ஆர்ஐ ஃபிலிமை விளக்கு முன்னால் மாட்டி, சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். "எல்4-எல்5 டிஸ்க், அதாவது இடுப்புல நாலாவது, அஞ்சாவது முள்ளெலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கிறது, பிதுங்கியிருக்கு. இப்படியே விட்டா ஆறு மாசத்துல கால் வராமப் போயிடும்." இவ்வளவுதான் பரிசோதனை. முதுகைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த நிமிஷமே 24 சிட்டிங் பேக்கேஜ், முழுப் பணமும் முன்கூட்டியே, "இன்னிக்கே கட்டினா இடுப்பு பெல்ட் இலவசம்". பக்கத்தில் இருந்த என் மனைவி பயந்துபோய்த் தலையாட்டிவிட்டாள். நானும் நீட்டிய தாளில் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.

சிகிச்சை என்பது, படுக்க வைத்து விலா எலும்புக்குக் கீழே ஒரு பட்டை, இடுப்பில் ஒரு பட்டை கட்டி மெஷினால் இழுப்பது. டிராக்‌ஷன்தான், பெயர் மட்டும் புதுசு. எட்டு சிட்டிங் போனேன். வலி குறையவில்லை, பட்டை அழுத்திய இடம்தான் கன்றிப்போனது. சொன்னால், "பாதியில நிறுத்தினா இன்னும் மோசமாகும்" என்றார்கள்.

பிறகு வேறொரு டாக்டரிடம் போனேன். அவர் குதிகாலால் நடக்கச் சொன்னார், நுனிக்காலால் நடக்கச் சொன்னார், காலை நேராகத் தூக்கிப் பார்த்தார், முட்டியில் தட்டிப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்கேனைக் கையில் எடுத்தார். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு 2015-ல் வந்திருக்கிறதாம். அதில் 20 வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் 50 வயதுக்காரர்களில் 60 சதவீதம் பேருக்கும் டிஸ்க் பிதுக்கம் இருந்திருக்கிறது. "படத்துல தெரியறதுதான் உங்க வலிக்குக் காரணம்னு அதை மட்டும் வெச்சு சொல்ல முடியாது" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. நாலு மாசமாகப் பேரனைத் தூக்கக்கூடப் பயந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. வேறு நோய் எதுவும் காரணமாக இல்லாத வலிக்கு டிராக்‌ஷனும் இடுப்பு பெல்ட்டும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாதவை என்கிறது. என் தலையில் கட்டியது அந்த இரண்டையும்தான்! உடற்பயிற்சியையும் வலியைப் புரிந்துகொள்ள உதவும் ஆலோசனையையும் பரிந்துரைக்கிறது.

ஒன்று மட்டும் உண்மை. சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போனாலோ, காலில் திடீரென்று பலம் குறைந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அப்படி எதுவும் இல்லாதவரிடம் "இன்னிக்கே கட்டுங்க" என்று அவசரப்படுத்தினால், வேறொரு டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறேன் என்று எழுந்து வந்துவிடுங்கள்.

மீதி 16 சிட்டிங் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். நான் கையெழுத்துப் போட்ட தாளின் கடைசி வரியைக் காட்டினார்கள், பொடி எழுத்தில்: "செலுத்திய தொகை திருப்பித் தரப்படமாட்டாது." அந்தத் தாளின் நகலைக் கேட்டேன், அதையும் தரவில்லை. உங்களில் யாராவது இப்படிப் பணம் கட்டியிருந்தால், நாளைக்கே போய் நகலையும் ரசீதையும் கேட்டு வாங்கி வையுங்கள்.