மின்வயலினுக்குப் பின்னால் ஒரு டேப்லெட்: நான்கரை ஆண்டு மேடை அனுபவம்

2021 ஆம் ஆண்டின் நடுப்பகுதியிலிருந்து என் மின்வயலின் மேடையில் ஒலிப்பது ஒரு ஐபேட் ஏரின் வழியாகத்தான். பரதநாட்டிய அரங்கேற்றங்கள், மெல்லிசை நிகழ்ச்சிகள், கோவில் திருவிழாக்கள், ஆண்டிறுதியில் ஓரிரு தேவாலயக் கரோல் மாலைகள் என நூற்றுக்கும் மேற்பட்ட முறை அதை நம்பி அமர்ந்திருக்கிறேன். வாங்கியபோது அது எனக்குரியதே அல்ல. கொரோனா ஊரடங்குக் காலத்தில் மகளின் ஒன்லைன் வகுப்புக்காக வாங்கியது. பாடசாலை மீண்டும் திறந்ததும் மெல்ல மெல்ல என் வயலின் பெட்டிக்குள் குடிபுகுந்துவிட்டது.

அதற்கு முன் மரவயலினில் சிறிய கிளிப் மைக்கைப் பொருத்தி வாசித்து வந்தேன். கொழும்பின் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பகுதி மண்டபங்கள் பலவற்றில் ஒலிபெருக்கிகள் மேடையின் இரு ஓரங்களிலும் நம்மை உரசிக்கொண்டு நிற்பதால், ஒலியைச் சற்றே கூட்டினாலும் மைக் ஊளையிடத் தொடங்கிவிடும். உட்குழிவற்ற மின்வயலினில் அந்த ஊளை இல்லை. ஆனால் அதன் சத்தத்தை நேராக மிக்சருக்குள் அனுப்பினால், பாத்திரத்தின் அடியைக் கரண்டியால் சுரண்டுவது போன்ற ஒரு வறட்சிதான் மிஞ்சும். மரவயலினின் வயிற்றுக்குள் நடக்கும் வேலையை வேறொன்று செய்தாக வேண்டும். அந்த வேலைக்குத்தான் டேப்லெட் வந்தது.

முதல் சில மாதங்கள் ஏமாற்றமாகவே கழிந்தன, அதற்கு டேப்லெட் காரணமல்ல என்பதைப் பிற்பாடுதான் புரிந்துகொண்டேன். என் வயலினின் தந்திகளைத் தாங்கும் குதிரையில் இருப்பது, அதிர்வை மின்சாரமாக்கும், பற்றரி இல்லாத சாதாரண பீசோ பிக்கப். ஒலியை எண்ணாக்கி டேப்லெட்டுக்குக் கொடுக்கும் ஆடியோ இன்டர்பேஸில் கிற்றாருக்கென்று இருக்கும் உள்ளீட்டின் மின்மறிப்பு, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை, ஏறத்தாழ 1 மெகா ஓம். காந்தப் பிக்கப்புக்கு அது போதும், பீசோவுக்குப் போதாது. பீசோ ஒரு சிறு மின்தேக்கியைப் போல நடந்துகொள்வதால், எதிரே உள்ள மின்மறிப்பு குறைந்தால் கீழ்ச்சுரங்கள் கரைந்துபோகும். மந்தர ஸ்தாயியில் வில்லை எவ்வளவு அழுத்தினாலும் சதையில்லாத ஒலியே வந்ததற்குக் காரணம் இதுதான். இடையில் 10 மெகா ஓம் உள்ளீடு கொண்ட சிறிய பிரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை வைத்த அன்று, செயலியில் எதையும் தொடாமலே வயலின் பாதி சரியாகிவிட்டது. புதிதாகத் தொடங்குபவர்கள் செயலிகளுக்குக் காசு செலவழிக்கு முன் இதை வாங்கிவிட வேண்டும்.

மீதிப் பாதியைச் சரிசெய்தது ஐஆர் என்று சுருக்கமாக அழைக்கப்படும் பதிவு. ஒரு மரவயலினின் உடல் எந்த அதிர்வுக்கு எப்படி விடை சொல்கிறது என்பதைச் சிறு ஒலிக்கோப்பாக எடுத்து, மின்வயலினின் ஒலிமீது செயலி வழியாக ஏற்றுவதுதான் அது. இணையத்தில் கிடைத்தவை எனக்குப் பிடிக்கவில்லை. மேலைச் சங்கீதத்துக்குச் சுருதி சேர்த்த வயலின்களின் பளபளப்பு அவற்றில் தூக்கலாக இருந்தது. ஆகவே என் பழைய மரவயலினின் குதிரையில் அதே வகைப் பீசோவை ஒட்டி, முன்னால் ஒரு மைக்கையும் வைத்து, இரண்டையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்து, அவற்றுக்கிடையிலான வித்தியாசத்தை மடிக்கணினியில் கணித்து எடுத்தேன். எங்கள் வீடு கரையோர ரயில் பாதைக்கு அருகில் இருப்பதால், கடைசி ரயில் போகும்வரை காத்திருந்து, பின் மின்விசிறியையும் நிறுத்திவிட்டு வேர்த்து விறுவிறுத்துப் பதிவுசெய்தது அது. ஒலியை எண்ணாக்கி எடுத்த 2048 மாதிரிகள், அதாவது 43 மில்லி செக்கனுக்கும் குறைவான ஒரு துண்டு. இன்றுவரை மேடையில் ஒலிப்பது அந்தத் துண்டுதான்.

தாமதத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். செக்கனுக்கு 48,000 மாதிரிகள், ஒரு தடவைக்குச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரில் 128 மாதிரிகள் என்ற அமைப்பில், உள்ளே வர 2.7 மில்லி செக்கன், வெளியே போக இன்னொரு 2.7. ஒலியை எண்ணாக மாற்றுவதற்கும் மீள ஒலியாக்குவதற்கும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, வெளியீட்டையும் உள்ளீட்டையும் ஒரே கேபிளால் இணைத்து நான் அளந்தபோது சுமார் 9 மில்லி செக்கன் வந்தது. காற்றில் ஒலி ஒரு மில்லி செக்கனில் ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் செல்லும் என்பதால், இது ஒலிபெருக்கியிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி அமர்வதற்குச் சமம். கிற்றார்க்காரர்கள் இதை விரல்நுனியிலேயே உணர்வார்கள். வில்லால் எழும் சுரம் மெதுவாகப் பிறப்பதால் நமக்கு அவ்வளவு உறுத்துவதில்லை. ஆனால் மெல்லிசையில் நின்றுகொண்டு தாடைக்குக் கீழே வைத்து வாசிக்கும்போது, தந்தியின் நேரடிச் சத்தமும், நமக்குக் கேட்பதற்கென்று மேடையில் வைக்கும் மொனிட்டரில் தாமதித்து வரும் சத்தமும் காதருகே கலந்து சில சுரங்கள் உள்வாங்கியதுபோலக் கேட்கும். தரையில் அமர்ந்து வாசிக்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. பஃபரை 64 ஆகக் குறைத்துப் பார்த்தேன். ஐஆர், எதிரொலி, சுருதி மூன்றும் ஒன்றாக ஓடும்போது பொரிவது போன்ற சத்தம் வந்ததால் 128 க்கே திரும்பிவிட்டேன்.

கிற்றாருக்கென்று அமைந்த செயலிகளில் இரண்டு விடயங்களை முதல் வேலையாக அணைத்துவிட வேண்டும். ஒன்று, மெல்லிய ஒலியை இரைச்சலென்று வெட்டும் நொய்ஸ் கேட்: தோடியில் காந்தாரத்தை அசைத்து அசைத்துத் தேய விடும்போது, ஒலி முடிந்துவிட்டதென்று எண்ணி அது கதவைச் சாத்திவிடும். மற்றது, கூடவே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும் ஹார்மனைசர். அது கமகத்தைப் பின்தொடரத் தெரியாமல் தடுமாறுவதோடு, ராகத்தில் இல்லாத சுரத்தையும் தாராளமாக வழங்கும்.

சுருதிப்பெட்டியை வீட்டிலேயே விட்டுச் செல்ல முடிவது எதிர்பாராமல் கிடைத்த பெரிய வசதி. தம்புராச் செயலியும் அதே டேப்லெட்டில் ஓடுகிறது. நான்கு வெளியீடுகள் உள்ள இன்டர்பேஸ் என்பதால் வயலினை முதல் இரண்டிலும் சுருதியை அடுத்த இரண்டிலும் பிரித்து அனுப்ப முடிகிறது. பாடகர் தன் மொனிட்டரில் சுருதியைக் கூட்டச் சொன்னால் என் வயலின் அசையாது.

மின்சாரக் கதை நீளமானது. டேப்லெட்டில் இருப்பது ஒரே யூஎஸ்பி-சி துவாரம். இன்டர்பேஸும் அதிலிருந்துதான் மின்சாரம் எடுக்கிறது. மூன்று மணிநேர அரங்கேற்றத்துக்கு இடையில் சார்ஜ் ஏற வேண்டுமென்று ஒரு துவாரத்தைப் பலவாக்கும் ஹப் வாங்கி, சார்ஜரைச் சுவரில் செருகினேன். உடனே இரைச்சல். நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அந்த இரைச்சலில் 100 ஹேர்ட்ஸ் தூக்கலாகக் கேட்கும். ஐந்து கட்டைச் சுருதியின் கீழ் ஸ்தாயி ஷட்ஜம் 98 ஹேர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் ஒரு பாடகிக்கு, சுருதியைவிடச் சற்றே ஏறிய இன்னொரு தம்புரா பின்னாலிருந்து மீட்டினால் எப்படியிருக்கும்? அவர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையிலேயே பிளக்கைக் கழற்றிவிட்டேன். அன்றிலிருந்து ஹப்புக்குப் பவர் பேங்க்தான். சுவரோடு எந்த உறவும் இல்லாததால் இரைச்சலும் இல்லை.

அந்தப் பழக்கம் 2022 இல் கைகொடுத்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை போன அந்தக் காலத்தில், கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கோவிலொன்றில் வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. மிருதங்க அண்ணர் நிறுத்தாமல் வாசித்துக்கொண்டிருக்க, ஜெனரேட்டர் பிடித்தவுடன் என் வயலின் விட்ட இடத்திலிருந்தே கேட்டது. பக்கத்திலிருந்த கீபோர்ட்காரத் தம்பி, கருவி மீண்டும் உயிர்பெற்று தன் டோனைத் தேடி எடுக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். முடிந்ததும் மிருதங்க அண்ணர், “தம்பி, எனக்கும் உமக்கும்தான் கரண்ட் தேவையில்லை போல” என்றார்.

டேப்லெட் என்னை அவமானப்படுத்தியதும் உண்டு. முதல் ஆண்டில், ஒரு அரங்கேற்றத்தில் பதத்துக்கு அபிநயம் உச்சத்தில் நிற்கையில், கனடாவிலிருக்கும் சித்தி, என் மகளைக் காணொளி அழைப்பில் கூப்பிட்டார். இன்டர்பேஸ் இணைந்திருக்கும்போது டேப்லெட்டின் எல்லாச் சத்தமும் அதன் வழியாகத்தான் போகும். ஆகவே அந்த மணியோசை மண்டபம் முழுவதும், என் அருமையான எதிரொலி அமைப்பைவிடத் தெளிவாகக் கேட்டது. நட்டுவனார் தாளத்தை விடவில்லை என்பதுதான் ஆறுதல். அதன் பின் மகளின் கணக்கை நீக்கினேன், அறிவிப்புகளை முழுதாக நிறுத்தினேன். மேடையேறு முன் விமானப் பயன்முறையில் போட்டு, கைடட் அக்செஸ் மூலம் ஒரே செயலிக்குள் பூட்டிவிடுகிறேன். இயங்குதளப் புதுப்பிப்பை நிகழ்ச்சிகள் இல்லாத மாதத்தில் மட்டுமே ஏற்றுகிறேன். ஒருமுறை அவசரப்பட்டதால் நான் பயன்படுத்திய செயலியொன்று திறக்கவே மறுத்து, அதன் திருத்தம் வர மூன்று வாரங்கள் ஆயின.

தரையில் அமரும் நமக்குத் தொடுதிரை வேறுவிதச் சோதனைகளைத் தரும். வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் தூளாகி, பக்கத்தில் கிடக்கும் கண்ணாடியில் மெல்லிய வெண்படலமாகப் படிகிறது. கொழும்பின் ஈரக்காற்றில் அது பசையாகி, விரலை வைத்தால் திரை யோசித்து யோசித்துத்தான் அசைகிறது. ஒரு தனியாவர்த்தனத்தின்போது என் நெற்றியிலிருந்து விழுந்த வியர்வைத் துளி எதிரொலியின் அளவைத் தானே மேலே இழுத்துவிட்டுப் போனது. இப்போது திரையில் மூன்று பெரிய பொத்தான்களைத் தவிர எதையும் வைப்பதில்லை. வில் பிடிக்கும் கையின் சுண்டுவிரலால், பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் தட்டிவிடலாம். மெல்லிசையில் நிற்கும்போது காலால் மிதித்துச் செயலிக்குக் கட்டளை அனுப்பும் மிடி பெடல் உண்டு; புளூடூத்தில் வைத்திருந்தேன், நூற்றுக்கணக்கான கைத்தொலைபேசிகள் நிறைந்த மண்டபத்தில் இருமுறை இணைப்பு அறுந்ததால் கேபிளுக்கு மாறினேன்.

வெயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 35 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூழலில் பயன்படுத்த வேண்டாமென்று உற்பத்தியாளரே எழுதியிருந்தும், காலை வழிபாடொன்றில் கறுப்பு உறையோடு நேர்வெயிலில் வைத்தது என் தவறு. திரை முதலில் மங்கியது, பிறகு ஆறவிடுமாறு ஒரு வாசகம், பிறகு ஒன்றுமில்லை.

அன்று காப்பாற்றியது பிரீஆம்ப். அதிலிருந்து இன்டர்பேஸைத் தொடாமல் நேராக மிக்சருக்குச் செல்லும் இரண்டாவது வெளியீடு உண்டு. அது எப்போதும் இணைந்தே இருக்கும், மிக்சரில் மூடியிருக்கும். சத்தம் வறட்சிதான், ஆனால் பாட்டு நிற்காது. கொழும்பு மண்டபங்களின் ஒலியமைப்பாளர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள், “லைன் த, மைக் த?” (லைனா, மைக்கா?) என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. டேப்லெட்டின் வரிசை லைன், பிரீஆம்பின் வரிசை மைக் என்று சொல்லி, இரண்டு கேபிள்களிலும் நிறநாடா ஒட்டிக் கொடுத்துவிட்டால் அவர்களுடைய முகமே மலர்ந்துவிடும். சொல்லாமல் விட்டால் மைக் உள்ளீட்டில் அதைவிட வலுவான லைன் அளவு பாய்ந்து ஒலி கரகரக்கும். பழி வயலின்காரர் மேல்தான் விழும்.

இப்போது பற்றரி தளர்ந்திருக்கிறது; மூன்று மணிநேரம் தாங்கியது இரண்டே மணிநேரத்தில் கால்பங்குக்கு வந்துவிடுகிறது. கடலோரக் காற்றில் யூஎஸ்பி-சி துவாரத்தின் பிடியும் லேசாக ஆடத் தொடங்கியதால், கேபிளை டேப்லெட்டின் முதுகில் ஒரு வளையம்விட்டு நாடாவால் கட்டியிருக்கிறேன். அடுத்ததாக வயலினுக்கென்றே அமைந்த தனிப்பெட்டி ஒன்றை வாங்கலாமா என்று கடைகளில் விசாரித்துக்கொண்டிருந்தாலும், ரயில் போன பின் பதிவுசெய்த அந்த 43 மில்லி செக்கனை ஏற்றிக்கொள்ளுமா என்பதுதான் நான் முதலில் கேட்பது. இதுவரை ஏற்றுக்கொண்ட ஒரு பெட்டி கண்ணில் பட்டது. அதன் விலைக்கு இதே டேப்லெட்டின் பற்றரியை மாற்றி, இன்னொரு பிரீஆம்பும் வாங்கி, மிச்சத்தில் வில்லுக்கும் மயிர் மாற்றிக்கொள்ளலாம்.